ஈ.சி.ஆரில் போனால் கடல் தெரியுமா? சிதம்பரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு சைக்கிளில்

தை மாதத்தில் எட்டு நாள் விடுப்பு இருக்கிறது, கையில் ஒரு சாதாரண கியர் சைக்கிள் இருக்கிறது, புதுச்சேரியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலையும் ஏரிகளையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டே போக ஆசை. ஈ.சி.ஆரை, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து நேராகப் போனால் போதுமா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம், ராத்திரி ஏரிக்கரையில் கூடாரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிலோமீட்டர் கணக்கைப் பிறகு பார்ப்போம், அது சுலபம். நீங்கள் அடிப்படையில் கேட்பது, மிதித்துக்கொண்டு போகும்போது தண்ணீர் கண்ணில் படுமா என்பது. ஈ.சி.ஆரை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் படாது. லாரியும் தென்னந்தோப்பும் கல்யாண மண்டபமும்தான் படும்.

இந்தக் கரையில் பன்னிரண்டு வருடத்தில் ஏழு தடவை போய் வந்திருக்கிறேன். ஆறு தடவை வடக்கிலிருந்து தெற்கே. ஒரு தடவை, ஏதோ வித்தியாசமாகச் செய்வோம் என்று, தை மாதத்தில் ராமேஸ்வரத்தில் தொடங்கி வடக்கே வந்தேன். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன். கோடையில் நான் போனதில்லை, அதனால் சித்திரை, வைகாசியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கீழே சொல்லும் தூரங்கள் என் சைக்கிள் மீட்டரில் ஓடியதை முழு எண்ணாக்கியவை. நீங்கள் ஊருக்குள் நுழைந்து டீ குடித்துவிட்டு வெளியே வந்தாலே இரண்டு கிலோமீட்டர் கூடிவிடும்.

கடலோரச் சாலை ஏன் கடலை விட்டு விலகி ஓடுகிறது என்பது புரிந்துவிட்டால் வழியை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கடலூருக்குத் தெற்கே வெள்ளாறு, கொள்ளிடம், காவிரியின் கிளைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் விழுகின்றன. முகத்துவாரத்தில் ஆறு அகலமாகவும் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டும் இருக்கும், அங்கே பாலம் கட்டுவது கஷ்டம். அதனால் பாலங்கள் உள்ளே தள்ளி இருக்கின்றன, சாலை பாலத்தைத் தேடிப் போகிறது. பிச்சாவரத்தில் நின்று வரைபடத்தைப் பார்த்தால் பழையாறு துறைமுகம் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருப்பது போலத் தெரியும். நடுவில் கொள்ளிடம் கிடக்கிறது. சிதம்பரத்துக்குத் திரும்பி வந்து, கொள்ளிடம் பாலம் ஏறி, மறுபடி கடலைப் பார்க்கக் கிழக்கே போக வேண்டும். வேதாரண்யத்துக்கு மேற்கேயும் இதே கதைதான். அங்கே ஆற்றுக்குப் பதில் சதுப்பும் உப்பளமும் முத்துப்பேட்டைக் காயலும் வழியை மறிக்கின்றன. செல்போன் வரைபடம் உப்பளத்து வரப்பை எல்லாம் சாலை என்று காட்டும். அதை நம்பிப் போய் ஒரு வாய்க்காலின் ஓரத்தில் நின்று எதிர்க்கரையைப் பார்த்த அனுபவம் இந்தப் பக்கம் போன எல்லாரிடமும் இருக்கும்.

அடுத்தது காற்று. வழி எப்படியென்று கேட்பவர்கள் ஏனோ காற்றைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை இந்தக் கரையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். சிதம்பரத்திலிருந்து வேதாரண்யம் வரை தெற்கு நோக்கிப் போகிறவருக்கு அது இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும். வேதாரண்யத்தில் கரை மேற்கே திரும்புகிறது, அதிராம்பட்டினத்துக்கு அப்பால் தென்மேற்காக இறங்குகிறது. அந்தப் பகுதியில் வாடை முதுகைப் பிடித்துத் தள்ளும். நூறு கிலோமீட்டர் போனதே தெரியாது. ராமநாதபுரத்தில் திரும்பி ராமேஸ்வரம் போகும்போது மட்டும் சாலை கிழக்கே ஓடுகிறது, காற்று முகத்துக்கு வந்துவிடுகிறது. நான் தெற்கிலிருந்து வடக்கே வந்தேன் என்றேனே, அந்தத் தடவை தொண்டியிலிருந்து மணமேல்குடி வர ஒரு முழுப் பகல் ஆனது. ஒரு கட்டத்தில் என்னைத் தாண்டிப் போன பெரியவர் ஒருவர், ஐஸ் பெட்டி கட்டிய பழைய சைக்கிளில் போனவர், திரும்பிப் பார்த்து, "வாடைக் காத்துல யாராச்சும் வடக்க போவாகளா தம்பி?" என்று கேட்டார். அவர் அடுத்த ஊரில் நின்றுவிட்டார், நான் போய்க்கொண்டே இருந்தேன். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமும் திசையும் சரி. ஆனி, ஆடியில் போவதாக இருந்தால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு ஏற்றபடி கணக்கே வேறாகிவிடும்.

இப்போது உங்கள் எட்டு நாள். புதுச்சேரியில் தொடங்கினால் இது ஒன்பது நாள் வழி, நிதானமாகப் போனால் பத்து. ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் நான் புதுச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள எழுபது கிலோமீட்டரை விடச் சொல்வேன். கடலூரைத் தாண்டியதும் தொழிற்பேட்டை வரும், வண்டிப் போக்குவரத்து அதிகம், தண்ணீர் என்று பார்க்க அதிகம் இல்லை. புதுச்சேரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஊசுடு ஏரி நல்ல ஏரிதான், ஆனால் அது மாலையில் போய் வரும் ஏரி, பயணத்தில் சேர்க்கும் ஏரி இல்லை. சைக்கிளை ரயிலில் போட்டுச் சிதம்பரத்தில் இறங்குங்கள்.

முதல் நாள் சுமையை அறையிலேயே வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் வீராணம் சுற்றி வாருங்கள். சிதம்பரத்திலிருந்து புவனகிரி, அங்கிருந்து சேத்தியாத்தோப்பு. அங்கே திரும்பியதும் சாலை ஏரிக்கரையின் மேலேயே ஏறிவிடும். பக்கத்தில் நீளமாக வீராணம், மறுபக்கம் கீழே நெல்வயல். பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீரநாராயணன் ஏரி என்பதுதான் வீராணமாகச் சுருங்கியிருக்கிறது. ஏரி சுமார் பதினாறு கிலோமீட்டர் நீளம். அணைக்கரையில் இருக்கும் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிறது, அதே ஏரியிலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. முழு மட்டம் 47.5 அடி. நீங்கள் போகும் தை மாதத்தில் ஏரி நிறைந்தோ ஏறக்குறைய நிறைந்தோ இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அது அந்த வருட மழையையும் மேட்டூரையும் பொறுத்தது. அன்றைய மட்டம் என்ன என்று செய்தித்தாளில் தினமும் வரும், கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள். லால்பேட்டை வரும்வரை கரை உங்களோடு வரும். அவசரப்படாமல் ஒவ்வொரு மதகிலும் நில்லுங்கள். மதகுக்குக் கீழே தண்ணீர் வாய்க்காலில் பாயும் இடத்தில்தான் கொக்கும் மீன்கொத்தியும் காத்திருக்கும். ஏரியின் நடுவில் தேடினால் கறுப்புப் புள்ளிகள் மட்டுமே தெரியும். காட்டுமன்னார்கோவிலில் சாப்பிட்டுவிட்டுச் சிதம்பரம் திரும்பினால் மொத்தம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். கரைச் சாலை அகலம் குறைவு, பேருந்து ஓட்டுபவர்கள் அதை நெடுஞ்சாலை என்றே நினைக்கிறார்கள். பின்னால் ஹாரன் கேட்டால் வீரம் வேண்டாம், ஓரம் கட்டி இறங்கிவிடுங்கள்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் காட்டுமன்னார்கோவிலிலிருந்து திரும்பாமல் மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் பார்த்து, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, பந்தநல்லூர் பக்கமாக மயிலாடுதுறை இறங்கலாம். எனக்குப் பிடித்த வழி அது. ஆனால் சுமையோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும், முதல் நாளே உடம்பை முறிக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் சிதம்பரத்திலிருந்து காரைக்கால், எழுபத்தைந்து கிலோமீட்டர் போல. விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை இந்தப் பக்கம் வந்துவிட்டதால் பழைய சாலையின் பல துண்டுகளில் கூட்டம் குறைந்திருக்கிறது. பலகையில் புறவழி என்று இருந்தால் நீங்கள் ஊருக்குள் போகும் வழியைப் பிடியுங்கள். சீர்காழி வந்ததும் கிழக்கே திரும்பிப் பூம்புகார். அங்கே பழைய நகரத்தைத் தேடி ஏமாறாதீர்கள். காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள். குடகில் பிறந்த ஆறு இங்கே ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்கு வந்து நிற்பதைப் பார்த்து முதல் தடவை எனக்குச் சங்கடமாக இருந்தது. அங்கிருந்து தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை நேராகக் கடலைப் பார்த்து நிற்கிறது. இந்த முழுப் பயணத்திலும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கக் கூடிய இடங்கள் நாலைந்துதான், இது அதில் ஒன்று. காரைக்காலில் தங்க இடத்துக்குப் பஞ்சம் இல்லை.

மூன்றாம் நாள் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம், எண்பது கிலோமீட்டர் அளவு. வேளாங்கண்ணி வரை கூட்டம்தான், அதுவும் விடுமுறை நாளில் வேன்கள் வரிசையாக வரும். காலை ஆறரைக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் அந்தப் பகுதியைக் கூட்டம் சேரும் முன் தாண்டிவிடலாம். திருப்பூண்டிக்கு அப்புறம் நிலம் விரிந்துகொள்ளும். மரங்கள் குட்டையாகும், மண் வெளுக்கும், உப்பு வாசனை வரும். வேதாரண்யம் நெருங்குவது மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

நான்காம் நாளை முழுதாகக் கோடிக்கரைக்குக் கொடுங்கள். எட்டு நாளில் ஒரு நாளை ஏன் பத்துக் கிலோமீட்டருக்குச் செலவழிக்க வேண்டும் என்று தோன்றும். நீங்கள் பறவை பார்க்க வேண்டும் என்று கேட்டதால்தான் சொல்கிறேன். வேதாரண்யத்திலிருந்து கோடிக்கரை போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி வரும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய இடம், நினைவுத்தூண் இருக்கிறது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம், அதற்கு அப்பால் சதுப்பு. பூநாரைகள் வலசை வரும் காலம் இது. ஆனால் அவை சாலையோரத்தில் உங்களுக்காக நிற்காது. சதுப்பில் தண்ணீர் எந்த அளவில் கிடக்கிறதோ அதற்கேற்ப ஒரு நாள் இங்கே, ஒரு நாள் எங்கோ தூரத்தில். ஏழு தடவையில் நான் மூன்று தடவை மட்டும் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். தொலைநோக்கி இல்லாமல் போனால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். வெளிமான் அப்படி இல்லை. 1967-ல் அவற்றுக்காகவே அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது, காலையில் போனால் புல்வெளியில் அநேகமாகப் பார்த்துவிடலாம். வனத்துறை வாயிலில் கேட்டு அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். சைக்கிளை உள்ளே விடுவதும் விடாததும் அன்று பணியில் இருப்பவர் சொல்வதைப் பொறுத்தே நடந்திருக்கிறது, அதில் நான் உறுதி தர முடியாது.

ஐந்தாம் நாள் வேதாரண்யத்திலிருந்து அதிராம்பட்டினம், அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். திருத்துறைப்பூண்டி சுற்றிப் போகும் பெரிய சாலையை விட்டுவிட்டு வாய்மேடு, இடும்பாவனம் வழியாக முத்துப்பேட்டை போங்கள். இந்த வழிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். தஞ்சை டெல்டாவின் வால் இது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காகோரையாறு என்று மேலே வயல்களுக்குப் பாய்ந்த ஆறுகள் எல்லாம் மிச்சத் தண்ணீரோடு முத்துப்பேட்டைக் காயலில் வந்து சேர்கின்றன. சாலை அந்த ஆறுகளைச் சின்னச் சின்னப் பாலங்களில் தாண்டிக்கொண்டே போகும், ஒவ்வொரு பாலத்திலும் நிற்கத் தோன்றும். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. மறுபடி நட்டவை இப்போது வளர்ந்து நிற்கின்றன, ஆனாலும் பழைய தோப்பு இருந்த இடம் எது என்று பார்த்தால் தெரியும். காயலையும் அலையாத்திக் காட்டையும் சாலையிலிருந்து பார்க்க முடியாது. ஜாம்பவானோடையிலிருந்து படகில்தான் போக வேண்டும், அதற்கு அரை நாள் வேண்டும்.

இந்தப் பகுதியில் ஒரு எச்சரிக்கை. தை மாதம் சம்பா அறுவடை. நெல்லைச் சாலையில் காயப் போடுவார்கள், வைக்கோலையும் பரப்பியிருப்பார்கள். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள், அது மரியாதை. வைக்கோலின் மேலும் ஏற்றாதீர்கள், அது உங்கள் நன்மைக்கு. ஒரு தடவை நான் வைக்கோல்தானே என்று ஓட்டிப் போனேன். பின்சக்கரத்தின் பல்சக்கரத்துக்கும் கம்பிகளுக்கும் நடுவில் அது கயிறு மாதிரி திரித்துக்கொண்டு, கியர் மாற்றும் கையை வளைத்துவிட்டது. வயலில் நின்ற ஒரு அக்கா அரிவாளைக் கொண்டுவந்து நறுக்கி எடுத்துக்கொடுத்து, "எறங்கித் தள்ளிட்டுப் போறதுக்கு என்னா?" என்றார். அதற்கப்புறம் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

ஆறாம் நாள் நீளமான நாள், அதிராம்பட்டினத்திலிருந்து தொண்டி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பயப்பட வேண்டாம், வாடை உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். இங்கிருந்து நீங்கள் பார்க்கும் கடல் வேறு கடல். தரங்கம்பாடியில் பார்த்த அலை இங்கே இல்லை. பாக் நீரிணையும் பாக் விரிகுடாவும் ஆழம் குறைந்தவை, இலங்கை குறுக்கே நிற்பதால் பெரிய அலை வருவதில்லை, ஏரி மாதிரிச் சலசலத்துக்கொண்டிருக்கும். மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா இருக்கிறது. நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-ல் எழுப்பிய அறுகோணக் கோபுரம். தஞ்சாவூர் மன்னருக்கும் நெப்போலியனுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே அங்கே தண்ணீர் குடிக்கலாம். எதிரே உள்ள கடலில் கடற்பசுக்கள் மேய்கின்றன. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல் அவற்றுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. கரையில் நின்று ஆவுளியாவைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று ஊர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக வரும். வெள்ளிக்கிழமை இந்தப் பகுதியில் இருந்தால் ஜும்மா நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், பன்னிரண்டுக்கு முன்னால் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். தங்குமிடம்தான் இங்கே குறைவு. அதிராம்பட்டினத்தில் அறை கிடைக்காவிட்டால் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே பட்டுக்கோட்டையில் கிடைக்கும். தொண்டியில் எளிமையான அறைதான், முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஏழாம் நாள் கடலை விட்டுவிட்டுக் கண்மாய்க்குப் போங்கள். தொண்டியிலிருந்து திருவாடானை, அங்கிருந்து ராஜசிங்கமங்கலம். வடக்கே ஏரி, மதகு என்று கேட்ட சொற்கள் இங்கே கண்மாய், மடை என்று மாறியிருப்பதைக் கவனிப்பீர்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம், நாற்பத்தெட்டு மடை. வீராணம் மாதிரி கரைமேல் நல்ல தார்ச்சாலை எல்லா இடத்திலும் கிடையாது, சில துண்டுகள் மண் பாதை. மழை பெய்து இரண்டு நாளுக்குள் போனால் அந்தக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்ற விடாது, அப்போது சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த வருடமானால் தையிலேயே தண்ணீர் அடியில் கிடக்கும், மாட்டு மந்தை உள்ளே மேயும். அதையும் பார்க்கலாம், ஏரி என்று ஆசைப்பட்டுப் போனவருக்குத்தான் ஏமாற்றம். அங்கிருந்து உப்பூர் வந்தால் கடலோரச் சாலை மறுபடி கிடைக்கும், தேவிபட்டினம் தாண்டி ராமநாதபுரம். மொத்தம் எழுபது, எழுபத்தைந்து. சாயங்காலம் உடம்பில் தெம்பு இருந்தால் ஊரை ஒட்டியுள்ள சக்கரக்கோட்டைக் கண்மாய்ப் பறவைகள் சரணாலயம் போய் வரலாம். கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும் காலம் அது, தண்ணீர் இருந்தால்.

எட்டாம் நாள் காற்றோடு சண்டை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் இத்தனை நாள் தள்ளிவிட்ட வாடை இப்போது இடது பக்கத்து முகத்தில் அடிக்கும். பத்து மணிக்கு மேல் அது வலுக்கும். விடியும்போதே கிளம்பி, பத்துக்குள் மண்டபம் தாண்டிவிடப் பாருங்கள். பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டர் நீளம். மொத்தப் பயணத்திலும் மேடு என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். நடுப்பாலத்தில் சுற்றுலா வேன்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும், பக்கவாட்டுக் காற்று சைக்கிளைச் சாலையின் நடுவே தள்ளும். ஓட்டுவது தடுமாறினால் இறங்கி நடந்து போங்கள், நான் இரண்டு தடவை அப்படித்தான் போனேன். நடந்தால் 2025-ல் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

தனுஷ்கோடியை அன்றே முடிக்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் தூங்கி, எட்டு நாளுக்கு மேல் ஒரு காலையை ஒதுக்க முடிந்தால் அடுத்த நாள் அதிகாலையில் போங்கள். ஊர்திரும்பும் ரயில் அன்று மாலைதான் என்று வைத்துக்கொண்டால் அதற்கு நேரம் இருக்கிறது. தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-லிருந்து இருக்கிறது, ஒரு வழிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் மிச்சச் சுவர்களைத் தாண்டிப் போகும் கடைசி சில கிலோமீட்டரில்தான், நீங்கள் முதலிலிருந்து கேட்ட காட்சி கிடைக்கும். இடது பக்கம் பாக் விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் உங்கள் சக்கரம். மாலையில் உள்ளே விட மாட்டார்கள், மதியத்தில் வேன் கூட்டம். காலை எட்டுக்கு முன் போனவருக்குத்தான் அந்தச் சாலை.

கியர் எத்தனை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஏற்றமே இல்லாத வழி, அதனால் மலைக்காக வேண்டாம். எதிர்க்காற்றில் முட்டி நோகாமல் மிதிக்க நாலைந்து கியர் இருந்தால் போதும். அதைவிட டயர் முக்கியம். மெலிந்த ரேஸ் டயர் வேண்டாம், 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். முத்துப்பேட்டைக்குத் தெற்கே சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம், அதன் முள் தார்ச்சாலை ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும். வண்டிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும் ஒவ்வொரு தடவையும் முள்ளின் மேல்தான் ஒதுங்குகிறீர்கள். பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். உடைந்த முள்நுனி உள்ளேயே இருந்தால் ஒட்டிய பத்தாவது நிமிடம் மறுபடி இறங்கும். மாற்று டியூப் மூன்று கொண்டுபோங்கள். உப்புக்காற்றில் செயின் இரண்டே நாளில் துருப்பிடிக்கும், தினமும் ராத்திரி ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத் தூங்குங்கள். குடிநீரை ஊர் கண்ட இடத்தில் நிரப்புங்கள். கடலோரத்தில் அடிபம்புத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீர் கொண்டுபோவதைப் பார்ப்பீர்கள். அவர்களிடம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதனாலேயே கேட்காமல், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடாரம் வேண்டாம். ஏரிக்கரையில் பாம்பும் நாயும் ஒரு காரணம். பெரிய காரணம், வேதாரண்யத்திலிருந்து ராமேஸ்வரம் வரை இலங்கைக்கு எதிர்க்கரை என்பதால் ராத்திரி கடற்கரையில் இருக்கும் வெளியூர் ஆளைப் போலீஸ் விசாரிக்காமல் விடாது. அவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள், ஆனால் தூக்கம் போய்விடும். ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். நீங்கள் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்த வழி எப்படி இருக்கும் என்று நான் என் அனுபவத்தை வைத்துச் சொல்வது சரியாக இருக்காது. போய் வந்த பெண்களிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது, இருட்டிய பின் ஈ.சி.ஆரில் யாருமே சைக்கிள் ஓட்டக் கூடாது என்பதுதான். மீன் லாரிகள் அந்த நேரத்தில்தான் பறக்கும். தையில் ஆறரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும், ஐந்து மணிக்கு அறையில் இருங்கள். ஜனவரி முதல் வாரத்தில் சில வருடம் காற்றழுத்தத் தாழ்வு வந்து மூன்று நாள் ஊற்றும், பொங்கலுக்குப் பிறகு கிளம்பினால் அந்தச் சந்தேகம் குறையும், பேருந்திலும் ரயிலிலும் கூட்டமும் வடிந்திருக்கும்.

திரும்பும்போது ராமேஸ்வரம் நிலையத்தில் சைக்கிளை லக்கேஜாகப் பதிந்து பிரேக் வேனில் போட வேண்டும். ரயில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பெடலைக் கழற்றிப் பையில் வையுங்கள், ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டுங்கள், கியர் மாற்றும் கையின் மேல் பழைய துணியைச் சுற்றுங்கள், பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்று கட்டாயம் பிய்ந்துவிடும். போய் வந்த பிறகு வாய்மேடு, இடும்பாவனம் சாலை இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் போய் இரண்டு வருடம் ஆகிறது.